வியாழக்கிழமை வாசிப்பு

ஆக்ஸ்ஃபோர்டு
15.10.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே சுகம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நீ இன்னும் மதியச் சாப்பாட்டை நாலு மணிக்குத்தான் சாப்பிடுகிறாயா?

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் எங்கே பேசுகிறோம்? அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லி, "சாப்டியா, குளுருதா, ஸ்வெட்டர் போட்டியா" என்று மூன்று கேள்வி கேட்கிறாள். அத்தோடு முடிந்தது. இன்னொரு காரணமும் உண்டு. கல்லூரி வாசலில் உள்ள காவலர் அறையில், ஒவ்வொரு மாணவருக்கும் பெயர் ஒட்டிய ஒரு மரப் பொந்து இருக்கிறது, தபால் போட. எல்லார் பொந்திலும் ஏதாவது கிடக்கிறது. என்னுடையது காலி. தினமும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறேன். காவலர் என்னைப் பரிதாபமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். தயவுசெய்து எழுது.

வந்த அன்று டாக்சிக்காரரிடம் "யுனிவர்சிட்டிக்குப் போங்கள்" என்றேன். "எந்தக் கல்லூரி?" என்றார். "கல்லூரி இல்லை, யுனிவர்சிட்டி" என்றேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். இங்கே பல்கலைக்கழகத்துக்கென்று ஒரு வாசலே இல்லை அக்கா. முப்பதுக்கு மேல் கல்லூரிகள். ஒவ்வொன்றுக்கும் தனி மதில், தனி ஜெபக்கூடம், தனிச் சமையலறை, தனிச் சட்டம். உன்னைச் சேர்த்துக்கொண்டு இடமும் சோறும் கொடுப்பது கல்லூரி. பரீட்சை வைத்துப் பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். ஆரம்பத்தில் மாணவர்கள் ஊருக்குள் வாடகை அறைகளில்தான் இருந்தார்களாம். பிறகு பிஷப்புகளும் பிரபுக்களும் நிலம் எழுதிவைத்துக் கல்லூரிகளைக் கட்டியிருக்கிறார்கள். கல்லூரித் தலைவருக்கு ஓரிடத்தில் மாஸ்டர் என்று பெயர், இன்னோரிடத்தில் ரெக்டர். எங்கள் கல்லூரியில் வார்டன். நேற்று அவரோடு சாப்பிட்டேன்.

என் சட்ட மேற்படிப்பு மொத்தமே ஒரு வருடம். ஜூனில் பரீட்சை. அம்மாவிடம் ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன் என்று சொல்.

உன் தம்பி,
புகழேந்தி


ஆம்பூர்
5.11.2023

அன்புள்ள புகழ்,

நானும் அம்மாவும் நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. ஷூ கம்பெனியில் இருபது வருடமாகத் தையல் மெஷினை மிதித்த கால், தைலத்துக்குக் கேட்குமா? நாலு மணிச் சாப்பாடு மூன்றரைக்கு வந்திருக்கிறது. சந்தோஷப்படு.

நீ வார்டனோடு சாப்பிட்ட செய்தியை அம்மாவிடம் சொன்னது என் தப்பு. "வந்த ஒரு மாசத்துல வார்டன் கூப்டு விசாரிக்கறாருன்னா இன்னா பண்ணான் இவன்?" என்று இரண்டு நாள் தூங்கவில்லை. அவர் ஹாஸ்டல் வார்டன் இல்லை, முதல்வர் மாதிரி என்று விளக்கிய பிறகும், "முதல்வர் கூப்டா மட்டும் நல்லதுக்கா?" என்கிறாள்.

எனக்குத் தெரிய வேண்டியது வேறு. அங்கே எப்படிப் பாடம் நடத்துகிறார்கள்? என் வகுப்பில் அறுபத்து நாலு பெண்கள். வரலாற்றுப் புத்தகத்தை நான் வாசிக்கிறேன், அவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். பரீட்சையில் அதையே எனக்குத் திருப்பித் தருகிறார்கள். ஏழு வருடமாகக் கௌரவ விரிவுரையாளர். ஜூனில் ஆர்டர், பதினோரு மாதத்தில் முடிவு, மறுபடி ஜூன். சில நாள் நானே எனக்கு போரடிக்கிறது. உண்மையாகச் சொல், எண்ணூறு வருடமாக அங்கே மட்டும் என்ன செய்கிறார்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள்.
மேகலா


ஆக்ஸ்ஃபோர்டு
19.11.2023

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். பொந்தில் உன் கடிதத்தைப் பார்த்ததும் காவலருக்கு என்னைவிட சந்தோஷம். ஸ்டாம்பை அவர் கேட்டார், கிழித்துக் கொடுத்துவிட்டேன்.

இங்கே விரிவுரை உண்டு, ஆனால் போனால் போகலாம், போகாவிட்டால் கேட்பாரில்லை. உயிர் இருப்பது டுடோரியலில்தான். ஒரு ஆசிரியர், ஒருவர் அல்லது இரண்டு மாணவர்கள், ஒரு மணி நேரம். முன்கூட்டியே ஒரு கேள்வி தருவார்கள். படித்து, கட்டுரை எழுதி, அவர் அறையில் உட்கார்ந்து அவர் முகத்துக்கு நேராக வாய்விட்டு வாசிக்க வேண்டும். இப்போது பலபேர் ஈமெயிலில் வாங்கிக்கொள்கிறார்களாம். என் ஆசிரியர் டாக்டர் ஹெஸ்லப் பழைய ஆள், வாசித்தே ஆக வேண்டும். அறை முழுக்கப் புத்தகம். உட்கார நாற்காலியைக் காலி செய்வதற்கே ஐந்து நிமிடம் ஆகிறது.

போன வாரம் என் முதல் வாசிப்பு. முதல் பத்தி முடிந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். "இது யாருடைய கருத்து?" என்று கேட்டார். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நீயே ஊகித்துக்கொள்! எப்படியோ ஒரு மணி நேரம் ஓடிவிட்டது.

நீயும் இரண்டிரண்டு பேராகக் கூப்பிட்டுப் பார். உன் பெண்கள் என்னைவிட கெட்டிக்காரிகளாக இருப்பார்கள்.

அம்மாவுக்கு என் முத்தம்.
புகழ்


ஆம்பூர்
17.12.2023

அன்புள்ள புகழ்,

எல்லாரும் சௌக்கியம். அம்மா உனக்கு முறுக்கு அனுப்பக் கேட்டாள். கொரியர்காரன் சொன்ன விலையைக் கேட்டு முறுக்கை நாங்களே சாப்பிட்டுவிட்டோம்.

ஆரம்பித்துவிட்டேன்டா. வியாழக்கிழமை கடைசி இரண்டு பீரியட், நூலகத்துக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருந்த அறை. முதலில் வந்தவர்கள் புஷ்ராவும் பிரிசில்லாவும். புஷ்ரா உள்ளூர்ப் பெண், அப்பா டேனரியில் தோல் ஊறவைக்கும் டிரம்மை ஓட்டுகிறவர். பிரிசில்லா தினமும் காலேஜ் பஸ்ஸில் ஒடுகத்தூரிலிருந்து வருகிறாள். கேள்வி: வேலூர்ப் புரட்சிக்குக் காரணம் என்ன? பிரிசில்லா எழுந்து நின்று கைகட்டி, ஒரே மூச்சில் வாசித்தாள். நடுவில் "படம் மூன்று புள்ளி இரண்டு காண்க" என்றும் வாசித்தாள். "எங்கேம்மா படம்?" என்றேன். "கைடுல இருக்கு மேடம்" என்றாள். சிரிக்காமல் இருக்க நான் பட்ட பாடு!

மூன்றாவது வாரம் கைடு போய்விட்டது. சொந்த வாக்கியம், பாதிக்குப் பாதி தப்பு, ஆனால் சொந்தம். எனக்கு ஒரு சிக்கல்தான். வாசித்து முடித்ததும் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். "நல்லா இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். உன் ஹெஸ்லப் எப்படி முடிக்கிறார்? விவரமாக எழுது.

அன்புடன்,
மேகலா


ஆக்ஸ்ஃபோர்டு
14.1.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் அம்மாவுக்கும் பொங்கல் வாழ்த்து. இங்கே பொங்கல் வைக்க அடுப்பு இல்லை, ஒரு டப்பா பால்சாதம் வாங்கிச் சாப்பிட்டேன். நலமாக இருக்கிறேன்.

உன் வகுப்பைப் பற்றிப் படித்து நிறைய சிரித்தேன். நீ கேட்டதற்குப் பதில்: டிசம்பரில் நடந்த என் இரண்டாவது டுடோரியல் நன்றாகப் போயிற்று. முழுதாக வாசிக்கவிட்டார். முடித்ததும் டீ ஊற்றிக் கொடுத்தார். நல்லது, கெட்டது எதுவும் சொல்லவில்லை. "சரி, நீ எழுதாமல் விட்டது என்ன?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பதில் வரும் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான் முடிப்பாராம். நீயும் அதைக் கேட்டுப் பார்.

உன் பெண்களுக்குச் சொல்ல இரண்டு செய்தி. 1355இல் இங்கே ஒரு சாராயக் கடையில் சரக்கு மோசம் என்று மாணவர்கள் சண்டை போட, அது கலவரமாகித் தொண்ணூறு பேருக்கு மேல் செத்தார்கள். அதற்காக ஊர்த் தலைவர் ஒவ்வொரு வருடமும் தேவாலயத்துக்குப் போய்ப் பரிகாரம் செய்ய வேண்டியிருந்தது. அது ஓய நானூற்று எழுபது வருடம் ஆயிற்று. இன்னொன்று: பெண்கள் இங்கே நாற்பது வருடம் படித்தார்கள், பரீட்சையும் எழுதினார்கள், ஆனால் பட்டம் கிடையாது. 1920இல்தான் கொடுத்தார்கள்.

குளிர் ஜாஸ்தி. வேறு விசேஷமில்லை.
புகழ்


ஆம்பூர்
11.2.2024

அன்புள்ள புகழ்,

நலம். நீ போனில் இருமுவதாக அம்மா சொல்கிறாள். கஷாயப் பொடி அனுப்பியிருக்கிறேன், இந்த முறை விலை பார்க்கவில்லை.

அந்தக் கேள்வி! நீ நன்றாக இருக்க வேண்டும், உன் ஹெஸ்லப்பும் நன்றாக இருக்க வேண்டும். புஷ்ரா வேலூர்ப் புரட்சிக் கட்டுரையைத் திருத்தி எழுதி வந்து வாசித்தாள். புதுத் தலைப்பாகையில் தோல் குஞ்சம் வைத்தார்கள், சிப்பாய்கள் அதைப் போட மறுத்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. "எழுதாமல் விட்டது என்னம்மா?" என்றேன். தாளை மறுபடி ஒரு முறை பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அந்தத் தோல் குஞ்சத்த செஞ்சவங்கள விட்டுட்டேன் மேடம். சிப்பாய்ங்க வேணாம்னு தூக்கிப் போட்டாங்க. செஞ்சவங்க இன்னா நெனச்சிருப்பாங்க? புக்குல ஒரு வரி கூட இல்லயே." ஏழு வருடமாக அந்தப் பாடத்தை நடத்துகிறேன், எனக்குத் தோன்றவில்லை. இப்போது பதினெட்டுப் பெண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

இனிமேல்தான் பேஜார். பிரிசில்லா ஒரு நாள் வாசிப்பு நீண்டுபோய்க் காலேஜ் பஸ்ஸை விட்டுவிட்டு இருட்டிய பிறகு வீட்டுக்குப் போனாள். அவள் அப்பா வந்து சத்தம் போட்டார். முதல்வர் அம்மா, பாடத்திட்டத்தில் இல்லாததை நிறுத்தச் சொன்னார். விஷயம் கல்லூரிச் செயலர் ரஃபி அகமது சாஹிப் வரைக்கும் போயிற்று. அவர் ஷூ ஏற்றுமதிக்காரர், அதட்டவில்லை. மே மாதம் நாக் குழு கல்லூரிக்குத் தரச் சான்று கொடுக்க வருகிறது. "உங்க தம்பி படிக்கிற எடத்துலேர்ந்து, இது அவங்க முறைதான்னு லெட்டர்ஹெட்ல ஒரு கடிதாசி வாங்கிக் குடும்மா. ஃபைல்ல வெச்சா கேள்வி கேக்க மாட்டாங்க. இல்லன்னா எனக்கும் கஷ்டம்" என்றார். இல்லையென்றால் வகுப்பும் இல்லை, ஜூன் ஆர்டரில் என் பெயரும் இருக்காது. முதல்வர் அம்மா அதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

ஹெஸ்லப்பிடம் நாலு வரி வாங்கி அனுப்பு. ஏப்ரல் முடிவுக்குள் வேண்டும்.

மேகலா


ஆம்பூர்
24.3.2024

புகழ்,

நலமா? பொடி வந்து சேர்ந்ததா?

ஆறு வாரம் ஆகிறது, பதில் இல்லை. போனில் கேட்டால் "பாக்கறேன்க்கா" என்று சொல்லி அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய். அம்மாவிடமும் ஒரு நிமிடத்தில் வைத்துவிடுகிறாய். முன்பெல்லாம் ஹெஸ்லப் அறையில் எத்தனை புத்தகம் என்று கூட எழுதுவாய். ஜனவரிக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அதில் அந்த அறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீ என்ன வாசித்தாய் என்றும் இல்லை.

கடிதம் கிடைக்காவிட்டால் போகட்டும். என்ன நடக்கிறது என்று சொல்.

அக்கா


ஆக்ஸ்ஃபோர்டு
7.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு சுகம்தான். கஷாயப் பொடி வந்தது. மற்றதைச் சொல்கிறேன்.

டிசம்பர் டுடோரியல் நடக்கவே இல்லை. நவம்பரில் அவர் "இது யாருடைய கருத்து?" என்று கேட்டாரே, எனக்கு வாய் அடைத்துவிட்டது. நம் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அப்படிக் கேட்டால், "யாரைப் பார்த்து எழுதினாய்" என்று அர்த்தம். அடுத்தது பிரம்பு. பத்தியில் பாதி ஒரு புத்தகத்திலிருந்து எடுத்ததுதான், மாற்றி எழுதியிருந்தேன். ஆம்பூர்க்காரன் திருடி எழுதியிருக்கிறான் என்று அவர் கண்டுபிடித்துவிட்டதாகவே நினைத்தேன். மீதி ஐம்பது நிமிடமும் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு போகவில்லை. ஜுரம் என்று ஈமெயில் அனுப்பினேன். மூன்று முறை கூப்பிட்டார், மூன்று முறையும் ஜுரம்.

நான் உனக்கு எழுதிய வரலாறெல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கு வழிகாட்டிகள் சொல்வது. அவர்கள் கூட்டத்துக்குப் பின்னாலேயே நடந்து கேட்டேன். ஐந்து மாதமாகப் பகல் பொழுதுக்கு எனக்கு வேறு வேலை இல்லை.

"எழுதாமல் விட்டது என்ன" என்ற கேள்வியும் அவர் கேட்டதில்லை. அவர் எப்படி முடிக்கிறார் என்று நீ கேட்டாய். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. யாராவது என்னிடம் அப்படிக் கேட்டால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது, எழுதிவிட்டேன். நீ அதை நம்பி, உன் வேலையை அதன் மேல் வைத்துவிட்டாய். எந்த முகத்தோடு அவரிடம் போய்க் கடிதம் கேட்பேன்?

என்னை மன்னித்துவிடு.
புகழேந்தி


ஆம்பூர்
16.4.2024

புகழ்,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. என் பதில் தபாலில் வந்து சேரும் வரைக்கும் காத்திருக்க முடியாது. இதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

படித்தபோது கோபம் வந்தது. பொய் சொன்னாய் என்று, கொஞ்சம்தான். ஐந்து மாதம் யாரிடமும் வாய் திறக்காமல் தெருத் தெருவாகச் சுற்றியிருக்கிறாயே என்று, நிறைய. கூடப் பிறந்தவள் ஒருத்தி எதற்கு இருக்கிறேன்?

கடிதம் வேண்டாம். என் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நாளைக்கே அவர் அறைக்குப் போ. ஏதாவது ஒரு பக்கம், எது வேண்டுமானாலும், நீயே எழுதியது, அதை வாசி. போய்விட்டு வந்து சொல்.

உன் கண்ணாடியில் ஒரு கால் உடைந்திருப்பதை வீடியோவில் பார்த்தேன். முதலில் அதை மாற்று.

அக்கா


ஆக்ஸ்ஃபோர்டு
26.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உண்மையாகவே. கண்ணாடி மாற்றியாயிற்று.

நாளைக்கே போ என்றாய், ஆறு நாள் கழித்துப் போனேன். முதல் நான்கு நாளும் அவர் மாடிப்படி வரை போய்த் திரும்பினேன். போனதும் நாற்காலியில் இருந்த புத்தகங்களை எடுத்துக் கீழே வைத்தார், ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. உனக்கு எழுதிய ஏப்ரல் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தேன். அதைத்தான் வாசித்தேன். நடுவில் அவர் நிறுத்தவில்லை.

முடித்ததும் நிறைய வருத்தப்பட்டார் அக்கா. "'இது யாருடைய கருத்து' என்று எல்லாரிடமும் கேட்பேன். அது எந்த அறிஞர் சொன்னது என்று தெரிந்தால் அந்த மனிதரோடு சண்டை போடலாமே என்றுதான்" என்றார். இவ்வளவுதான் விஷயம். இதற்கு நான் ஐந்து மாதம் ஓடியிருக்கிறேன்.

பரீட்சை வரைக்கும் வாரம் இரண்டு முறை வரச் சொல்லியிருக்கிறார். உன் வகுப்பைப் பற்றி அவராகவே விசாரித்து, ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். பல்கலைக்கழகத்தின் பெயரில் எழுத அவருக்கு உரிமை இல்லையாம். கல்லூரியின் பெயரில் எழுத ஒரு குழு கூட வேண்டுமாம், அந்தக் குழு ஜூனில்தான் கூடுமாம். அதனால் வெறும் தாளில், கையால், சொந்தப் பெயரில். இதோடு கொரியரில் வைத்திருக்கிறேன். நீ கேட்டது இதுவல்ல. படித்துவிட்டு, கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்.

புகழ்


ஆம்பூர்
19.5.2024

அன்புள்ள புகழ்,

நாங்கள் நலம். வெயில்தான் ஆளைக் கொல்கிறது. பரீட்சைக்கு நன்றாகப் படிக்கிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

ஹெஸ்லப் எழுதியதைப் பத்துத் தடவை படித்திருப்பேன். "இரண்டு பேரை உட்காரவைத்து வாசிக்கச் சொல்வது எங்கள் பழைய வழக்கம்தான். ஆனால் நீங்கள் கடைசியில் கேட்கும் கேள்வி எங்களுடையது அல்ல. இருபத்தெட்டு வருடத்தில் நான் அதைக் கேட்டதில்லை, கேட்டிருக்க வேண்டும். உங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் அக்டோபரிலிருந்து நானும் கேட்கிறேன்."

இரண்டு நாள் பீரோவுக்குள் வைத்திருந்தேன். கொடுத்தால் வேலை போகும். கொடுக்காமல், அங்கே இப்படித்தான் செய்கிறார்கள் என்று சாதித்தால், பதினெட்டுப் பெண்களிடம் சொந்தமாக எழுது, சொந்தமாக எழுது என்று நான் சொன்னதெல்லாம் வேஷம். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

முதல்வர் அம்மா ஒரு பார்வை பார்த்தார். "லெட்டர்ஹெட் இல்ல, சீல் இல்ல. எங்களுது இல்லன்னு வேற எழுதியிருக்காரு. இத வெச்சு இன்னா பண்றது?" என்றார். ரஃபி அகமது சாஹிப் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு சொன்னார்: "மேடம், முப்பது வருஷமா நான் ஷூ அனுப்பறேன். தோல் நம்முது, தையல் நம்முது, பேர் மட்டும் அவங்களுது. இன்னிக்குதான் ஒருத்தர், இது எங்க சரக்கு இல்ல, உங்களுதுன்னு கைப்பட எழுதிக் குடுத்திருக்காரு. இதப் போய் வேணாங்கறீங்களே! ஃபைல்ல மொதல் பக்கத்துல வைங்க."

நாக் குழு வந்து போய்விட்டது. ஜூனிலும் எனக்கு அதே பதினோரு மாத ஆர்டர்தான், சம்பளம் ஒரு ரூபாய் ஏறவில்லை. ஆனால் வியாழக்கிழமை டைம்டேபிளில் ஏறிவிட்டது. அன்றைக்கு மட்டும் காலேஜ் பஸ் வகுப்பு முடியும் வரை நின்று நாலே முக்காலுக்குத்தான் கிளம்பும். வருகைப் பதிவேடு போட வேண்டும், வாராவாரம் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அதையும் செய்கிறேன்.

அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. நீ வந்து சொல்லிக்கொள்.

ஜூலையில் நீ வருவது பெண்களுக்குத் தெரிந்துவிட்டது. "ஃபாரின் சார் வந்து பேசுவாரா மேடம்?" என்று கேட்கிறார்கள். பேச மாட்டான், வாசிப்பான் என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கல்லூரிகளின் கதையெல்லாம் வேண்டாம், அது புத்தகத்தில் கிடைக்கும். அந்த ஐந்து மாதத்தை எழுதி எடுத்து வா. இவர்களில் பாதிப் பேர் நாளைக்கு எங்கேயாவது போய், யாரோ கேட்ட ஒரு சாதாரணக் கேள்விக்கு உன்னை மாதிரி வாயடைத்து உட்காருவார்கள். அப்போது அவர்களுக்கு உன் பட்டம் உதவாது, இது உதவும்.

உனக்கு ஜூலை பதினொன்றாம் தேதி கொடுத்திருக்கிறேன். புஷ்ரா உன்னோடு ஜோடியாக வாசிக்கிறாள், தயாராக வா.

உன் அக்கா,
மேகலா